மஞ்சள் கோடு

சக்கரங்களுக்குக் காற்று அடித்துவிட்டு வந்த மகள்தான் முதலில் சொன்னாள். "அம்மா, முன்னாடி இடது பக்கம் ஏதோ டொக்குனு கேக்குது." சொன்னவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பெட்டிகளை டிக்கியில் அடுக்கப் போய்விட்டாள். எனக்குப் பக்கென்றது. கூடவே, மறைப்பானேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் வேலையில் சேர வேண்டும். ஆறு மணி நேரப் பயணம், பாதி மலைப்பாதை. பழைய பாலங்களைச் சோதிக்கும் கம்பெனி அது. பாலம் பாலமாக அலைய வேண்டியிருப்பதால் சொந்த வண்டி இருந்தால்தான் வேலை. எங்கள் பழைய காரை அவளுக்குக் கொடுப்பது என்று இவர் முடிவு செய்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், எங்கள் ஒர்க்‌ஷாப்பின் ஒரே மெக்கானிக். முடிவு செய்த பிறகுதான் எனக்குச் சொன்னார். அன்று புதன்கிழமை. அன்றிலிருந்து எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான். அதையும் நான் வண்டியைப் பார்த்துப் பேசினேன், அவர் சுவரைப் பார்த்துப் பேசினார்.

பன்னிரண்டு மணிக்குள் கிளம்பினால்தான் வெளிச்சம் இருக்கும்போதே மலையைத் தாண்டலாம். அப்போது மணி ஒன்பது.

நான் ஓட்டினேன், இவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தெருமுனை வேகத்தடையில் முன்சக்கரம் இறங்கியதும் டொக். ஒரே ஒரு தடவை, மூடிய பெட்டிக்குள் யாரோ விரல் முட்டியால் தட்டியது மாதிரி.

"பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே ஏறு," என்றார் கண்ணாடியைப் பார்த்து.

மிதித்துக்கொண்டே ஏறினேன். அப்போதும் டொக்.

"பிரேக் பேடு இல்ல. பேடு ஆடியிருந்தா இப்ப அடங்கியிருக்கும்."

திரும்பி வந்ததும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பக்கவாட்டில் ஆட்டினார். கல் மாதிரி இருந்தது. இறக்கிவிட்டு, என்னை ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லி ஸ்பிரிங்கின் மேல் கை வைத்துப் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. பிறகு வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற லிங்க் ராடை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு ஒரு சுற்று போனோம். வண்டி தொட்டில் மாதிரி ஆடியதே தவிர, சத்தம் அப்படியே இருந்தது.

மகள் வாசலில் நின்று மணியைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் இருக்க ஏதாவது ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். சத்தம் கிடைக்கக் கூடாது என்று ஒரு மனது. கிடைக்காமலே அவள் போய்விட்டால் என்ற நினைப்பில் இன்னொரு மனது பதறியது.

இவர் நீளமான லீவரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். வலது பக்கத்து லோயர் ஆர்மை, அதாவது சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும் அந்தக் கையை, நெம்பிப் பார்த்தார்.

"வலது நல்லாருக்கு."

"இடது?" என்று வண்டியைக் கேட்டேன்.

"அது புதன்கிழமை போட்ட புதுசு. மஞ்சள் இருக்கு." அதோடு வெளியே வந்துவிட்டார்.

இந்த மஞ்சள் எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம். இறுக்குவது அவர் வேலை. அதற்குப் பிறகு டார்க் ரெஞ்சைப் போட்டு, இறுக்கம் சரியான அளவுதான் என்று அது கிளிக் சொல்லும் வரை இழுத்துப் பார்த்து, போல்ட்டின் மேல் பெயிண்ட் பேனாவால் மஞ்சள் கோடு போடுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். கோடு விழுந்த போல்ட்டை அவர் மறுபடி தொட மாட்டார். தொட்டால் என்னைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்பார்.

பன்னிரண்டேகால் ஆனதும் மகளின் பொறுமை போய்விட்டது.

"அப்பா, சத்தம்தானே? லிங்க்கை மாட்டிக் குடுங்க. அங்க போயி யார்கிட்டயாவது காட்டிக்கிறேன்."

"மலைப்பாதைம்மா," என்றார் இவர்.

"எல்லாத்தையும்தான் பாத்துட்டீங்களே." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நிஜமாவே சத்தம்தான் பிரச்சனையா? இல்ல, நான் போறதா?"

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "போறவ போ. நான் யாரைக் கையப் புடிச்சு இழுத்தேன்?" என்றேன்.

இவர் லிங்க் ராடுகளை மாட்டி இறுக்கினார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்த நட்டுகளில் நான் டார்க் ரெஞ்சைப் போட்டேன், கிளிக் கேட்டேன், கோடு போட்டேன். போடும்போதே எனக்குள் ஏதோ இடறியது. என்னவென்று பிடிபடவில்லை.

மகள் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் எடுத்தாள். வாசலில் பிரேக் பிடித்தாள். டொக். முன்பக்கமாக நகர்த்த ஆரம்பித்தாள். டொக்.

பின்னால் போனால் ஒன்று, முன்னால் வந்தால் ஒன்று. பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையே முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் அப்படி வரும். எனக்குப் புதன்கிழமை மத்தியானம் கண்முன்னே வந்து நின்றது.

அன்று புது ஆர்மை மாட்டி, போல்ட்டுகளை அவர் கையால் முறுக்கி வைத்தார். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் கிழிந்துவிடும். வண்டியை இறக்கினார். ஸ்பேனரோடு அடியில் படுத்தபடிதான், "வண்டியப் பாப்பாவுக்குக் குடுத்துடலாம்னு சொல்லிட்டேன்" என்றார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் வெளியே வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். டார்க் ரெஞ்ச் அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதை எடுக்க வேண்டுமானால், கொஞ்சம் நகருங்க என்று கேட்க வேண்டும். அவரிடம் அந்த இரண்டு வார்த்தை பேச எனக்கு வீம்பு. அடியில் படுத்து, வெறும் கோட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பானெட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றி வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"அம்மா, நகரு."

"இறங்கு. இடது ஆர்ம். நான் ரெஞ்ச் போடல." மூன்று நாளில் முதல் தடவையாக இவர் முகத்தைப் பார்த்தேன். "போடாமலே கோடு வச்சிட்டேன்."

இவர் உடனே அடியில் போனார். கொஞ்ச நேரம் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"கையாலயே சுத்துது," என்றார்.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நானும் இறுக்கல," என்றார் மெதுவாக. "கோபத்துல போயி உக்காந்துட்டேன். அப்புறம் வந்து பாத்தா மஞ்சள் இருந்துச்சு. சரி, நான் இறுக்கித்தான் இருப்பேன், அதான் அவ வச்சிருக்கான்னு விட்டுட்டேன்."

"நீங்க இறுக்கியிருப்பீங்கன்னுதான் நான் வச்சேன்."

பத்தொன்பது வருஷ நம்பிக்கையின் மேல் பெற்ற பெண்ணை உட்கார வைத்து மலைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறோம். எனக்கு என்னைக் கண்டே பயமாக இருந்தது.

அவர் இறுக்கினார். நான் ரெஞ்சைப் போட்டு இழுத்தேன். கிளிக். பழைய கோட்டைத் துணியால் தேய்த்து அழித்தேன். புதுக் கோடு போடும் முன், "பாப்பா, நீயும் ஒருதரம் இழுத்துப் பாரு," என்றேன். பாலத்தில் போல்ட் பார்க்கப் போகிறவள், புதுச் சட்டையோடு தரையில் படுத்து இழுத்தாள். மறுபடியும் கிளிக்.

"மலையில பாதி வழியிலயே இருட்டிடும். ராத்திரி அடிவாரத்துல தங்கிட்டு, விடியக்காலம் மலை ஏறு," என்றார் இவர். சரி என்று தலையாட்டினாள். முதுகில் ஒட்டிய தூசியை நான் தட்டிவிட்டேன். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் தட்டினேன்.

வண்டி கிளம்பியது. நானும் இவரும் வாசலில் ஒட்டி நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

சத்தமே இல்லை. திரும்பி வர அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. வண்டி திரும்பி மறைந்த பிறகு, "கொஞ்சம் நகருங்க," என்று இவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.