ஒரு 'கூ' போதும்

குரலே உயிரின் முகவரி. அதில் பொய்க்கு இடமில்லை. பேராசிரியர் ஹமாசாகியின் புத்தகம் இப்படித்தான் தொடங்குகிறது. மலைச்சரிவில் நூறு குரங்குகள் கத்தினாலும் தன் குட்டி எழுப்பும் ஒரே 'கூ'வுக்குத் தாய்க்குரங்கு தலையைத் திருப்பிவிடும் என்பதை முப்பது வருடம் உட்கார்ந்து நிரூபித்தவர். மனைவி ஃபுசாயே கூப்பிட்டால் மட்டும் அவர் தலை திரும்பாது.

போனில் "நான்தான்" என்று மகன் மாதிரிப் பேசி, வயதானவர்களிடம் பணம் பறிக்கும் கும்பல் ஊரில் பெருகிவிட்டது. போலீசார் அவரை மேடையேற்றினார்கள். "குரங்குக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கி வந்தார்.

மறுநாள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் கரகரப்பான குரல்.

"அப்பா, நான்தான். தொண்டையில ஆபரேஷன், அதான் குரல் இப்படி. வீட்டுக்கு வரலாமா?"

சமையலறையில் முள்ளங்கி நறுக்கிய கத்தி நின்றது. மகன் டகுமா அப்பாவோடு சண்டைபோட்டுக்கொண்டு போய் மூன்று வருடமாகிறது. ஃபுசாயே ஈரக்கையோடு ஓடிவருவதற்குள் அவர் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் ஜொலித்தது.

"திருடன்தான். ஒரே கேள்வி, மாட்டிக்கிட்டான். சாயங்காலம் ரயிலடிக்கு வரச் சொல்லிட்டேன். போலீசுக்கும் சொல்லியாச்சு."

"ஏங்க, அது நம்ம டகுமா. பேசறதுக்கு முன்னாடி மூச்சை இழுத்தான் பாருங்க."

"முப்பது வருஷமா நான் காதுல பஞ்சையா வச்சிருந்தேன்?"

"நீங்க கேட்டது குரங்கை. நான் புள்ளையைச் சொல்றேன்."

"இந்தப் பாசத்தை நம்பித்தான் அவனுங்க பொழைக்கிறானுங்க."

ஃபுசாயே சமையலறைக்குத் திரும்பினாள். ஆசைதான் காதை ஏமாற்றுகிறதோ என்னவோ.

ரயிலடியில் இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்ட ஆள் ஓடப் பார்க்கவில்லை. கழுத்தில் கட்டு, கையில் அப்பாவுக்குப் பிடித்த பயறு இனிப்பு. ஃபுசாயே போய் அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அடுத்த ரயில்ல போயிடறேன்மா," என்றான் டகுமா.

இளைய போலீஸ்காரர் அவனுடைய லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க பையன்தான் சார். அப்படி எதைத் தப்பாச் சொன்னாரு?"

"பிறந்த நாள்," என்றார் பேராசிரியர் மெதுவாக. "மே ஒன்பது."

"இதுல ஜூன் ஒன்பதுன்னு போட்டிருக்கே?"

"அதைத்தான் சொன்னேன்," என்றான் டகுமா.

மே ஒன்பதாம் தேதி பிறந்தது சுமிரே. புத்தகத்தின் அட்டையில் இருக்கும் குரங்கு.