பேந்து கழட்டு

கிறிஸ்தோப்பர் தன் மோட்டார்ஹோமின் இரண்டு பற்றறிகளுக்கும் காட்டிய கரிசனையில் காற்பங்கை மனைவி செலீனுக்குக் காட்டியிருந்தால், அவள் அவரை இன்னும் ஏழு தரம் கலியாணம் கட்டியிருப்பாள். நிரம்பிய பற்றறி வடதுருவத்திலும் உறையாது, இறங்கிய பற்றறி பனியை நினைத்தாலே வெடிக்கும் என்று கோயிலில் பூசை நடக்கும்போதே பக்கத்திலிருப்பவருக்கு விளக்குவார். ஒருமுறை சுவாமியாரே பிரசங்கத்தை நிறுத்திக் காது கொடுத்தாராம்.

இந்தக் குளிர்காலம் அந்தப் பற்றறிகளை நம்பி ஓர் உயிர் இருந்தது. கணினி வேலையும் விசாவும் போய், வாடகை அறையும் போன சென்னைக்காரன் நிதின், மொன்ட்ரியாலுக்கு ஆற்றின் அக்கரையில், லவாலில் வண்டிகள் நிறுத்திவைக்கும் வளவொன்றில், அவருடைய மோட்டார்ஹோமுக்குள் ஒளித்திருந்தான். காஸ் ஹீட்டரின் விசிறி சுற்றுவதும் பற்றறியில், அவனுடைய போன் சார்ஜ் ஆவதும் பற்றறியில். அந்தப் பற்றறிகளை நிரப்ப, வளவின் மின்சாரத்திலிருந்து களவாக வயர் இழுத்து, வண்டியின் உள்சுவரில் ஒரு சார்ஜர் பொருத்தியிருந்தார் கிறிஸ்தோப்பர்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், மொன்ட்ரியால்-நோர் வீட்டில் பிளாஸ்டர் போட்ட காலோடு கிடந்த கிறிஸ்தோப்பர் போனில் சொன்னார்.

"நாளைக்கு மத்தியானம் வளவுக்காரன் வருவான். சார்ஜரைப் பேந்து கழட்டு. வயர் கண்ணில படக்கூடாது."

"சரி அங்கிள்."

விடிந்தபோது மைனஸ் இருபத்தொன்பது. மூக்கைச் சிந்தினால் கண்ணாடிக்குண்டு விழும் குளிர். எட்டு மணிக்கு நிதின் கூப்பிட்டான்.

"ஹீட்டர் நின்னுடுச்சு அங்கிள். கால் மரத்துப்போச்சு, எழுந்திரிக்க முடியல."

"சார்ஜர் ஓடேல்லையோ?"

"நேத்தே கழட்டிட்டேனே. செவுத்தோட ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. ஸ்க்ரூ டிரைவர் விட்டு, நீங்க சொன்ன மாதிரியே பேத்துட்டேன். வயர் அறுந்துடுச்சு."

"பேத்தியோ? பேந்து எண்டா பிறகு, ராசா. விடிஞ்சாப் பிறகு கழட்டச் சொன்னனான்."

மறுபக்கம் போன் செத்துப் போயிருந்தது.

"ஆம்புலன்சுக்கு அடியுங்கோ" என்றாள் செலீன்.

"அடிச்சா பொலிசும் வரும். பிடிச்சு ஊருக்கு ஏத்திப்போடுவாங்கள்."

"உயிரோட ஏத்தினாப் போதும்."

அவர் கேட்கவில்லை. டாக்சி பிடித்து இருவரும் போனார்கள். பனியில் நத்தைகள்கூட ஹோர்ன் அடித்து அவர்களை முந்திப் போயிருக்கும். பாலத்தில் மட்டும் நாற்பது நிமிடம் நின்றார்கள். வளவின் கேற்றை அவருடைய திறப்பால் திறந்து, அவர் ஒற்றைக்காலில் தத்தி வர, மோட்டார்ஹோமின் உறைந்துபோன கதவைச் செலீன் தோளால் இடித்துத் திறந்தாள்.

பற்றறிப் பெட்டி வயிறு ஊதி, நெடுக வெடித்திருந்தது. கிறிஸ்தோப்பர் முதன்முதலாக அதைக் கடந்து போனார்.

மூன்று போர்வைக்கும் ஒரு மெத்தைக்கும் அடியில் நிதின் கிடந்தான். மூச்சு இருந்தது. அறுந்த வயரைத் திரும்ப முறுக்கப் பார்த்திருக்கிறான். கையுறைகள் தரையில் கிடந்தன. வலது கை விரல்கள் இரண்டாம் கணுவரை மெழுகாக வெளுத்திருந்தன. செலீன் அவற்றைத் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காதையும், தோல் கழண்டிடும்" என்ற கிறிஸ்தோப்பர், வீட்டிலேயே அடித்திருக்க வேண்டிய நம்பரை இப்போது அடித்தார்.

ஆம்புலன்ஸ்காரி பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்கிறாள் என்பது அவருக்கு விளங்கியது. ஒரு மணித்தியாலத்தைக் குறைத்துச் சொன்னார். பிறகு திருத்திச் சொன்னார்.

ஸ்ட்ரெச்சரில் நிதின் கண் திறந்தான்.

"டைப் அடிக்க முடியும்ல அங்கிள்?"

ஆம்புலன்ஸ்காரி அந்தக் கையைத் துணியால் மூடினாள்.

"கண்ணை மூடிப் படு, ராசா" என்றார் கிறிஸ்தோப்பர்.