வளையல் ஏறாத கை

பெம்பான் பக்கத்துச் செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் லோஷினிக்கு வளைகாப்பு. வளையல்தான் ஏறமாட்டேன் என்றது. கல்யாணத்துக்கு வாங்கிய அதே அளவுதான். அன்றைக்குக் கையில் தொளதொளவென்று கிடந்தது. "பாத்தியா, மாமியா வீட்டுச் சோறு செய்யிற வேலைய," என்று கிண்டலடித்துக்கொண்டே, அத்தை வாணி சோப்பைத் தடவி முறுக்கி ஏற்றிவிட்டாள். பெண்கள் சிரித்தார்கள். பெற்றவள் மங்களம் மட்டும் சிரிக்கவில்லை. மகளின் முகமும் இமையும் வீங்கியிருந்ததை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள்.

லோஷினிக்குப் பதினாறு வயசு. லோரி ஓட்டும் நிவேந்திரனோடு சேர்த்து ஊர் பேசத் தொடங்கியதும், மானம் கப்பலேறுவதற்குள் தாலியைக் கட்டிவிட்டார்கள். கோயிலோடு சரி, பதிவு கிதிவு ஒன்றும் கிடையாது. அதனால் கிளினிக் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. போனால் ஐசி அடையாள அட்டையைக் கேட்பார்கள், வயசு தெரிந்துவிடும், போலீஸ் வரும், மாப்பிள்ளை உள்ளே போவான். பயம் எதற்கு வந்தது பாருங்கள், பிள்ளையின் உயிருக்கு வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மங்களம் ஒரே பதில் வைத்திருந்தாள். "நானும் இந்த வயசுல பெத்தவதான்லா. என்ன ஆயிடுச்சு?"

என்ன ஆயிற்று என்பது அவளுக்குத்தானே தெரியும்.

"அம்மா, மண்டை பொளக்குது," என்றாள் லோஷினி. கொஞ்ச நேரத்தில், "லைட்டப் போடும்மா. ஒண்ணுமே தெரியல."

நட்ட நடு மத்தியானம். வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மங்களம் மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் பிள்ளையைச் சுமந்தபோது அவளுக்கும் இதேதான். வீக்கம், தலைவலி, கண் இருட்டு, பிறகு வலிப்பு. காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். அவள் கண் விழித்தபோது பிள்ளையைப் புதைத்தே விட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை, மகளிடம்கூட.

"கண்ணு பட்டுருச்சு. சுத்திப் போட்டா சரியாப் போயிடும்," என்றாள் வாணி.

"நீங்க சும்மா இருங்க அண்ணி. மாப்ள, காடிய எடுங்க."

நிவேந்திரன் பின்வாங்கினான். "ஆஸ்பத்திரில என்னைப் புடிச்சுருவாங்க அத்தை."

"புடிக்கட்டும். என்னையும் சேத்துப் புடிக்கட்டும். எனக்கு எம்பிள்ளை வேணும்."

செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் அந்த மண்பாதையில் கார் குலுங்கியபோதெல்லாம், மடியில் கிடந்த மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வலிப்பு வந்துவிட்டது.

மருந்து ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. வீங்கிய மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள் இறுகிக்கிடந்தன. "இது வெளிய வரணும்," என்றாள் தாதி. வளைகாப்பு வளையலைப் பிரசவத்துக்கு முன்னால் உடைப்பது அபசகுனம். மங்களம் யோசிக்கவில்லை, தன் கையாலேயே ஒவ்வொன்றாக நொறுக்கினாள்.

"வயசு என்ன?"

பதினெட்டு என்று சொல்லச் சொல்லித்தான் எல்லாரும் பழக்கி வைத்திருந்தார்கள். "பதினாறு," என்றாள்.

"குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி வந்திருக்கா?"

"எனக்கு. இதே மாதிரி வயசுல. பிள்ளை தங்கல."

"இத முன்னாடியே வந்து சொல்லியிருந்தா..." தாதி முடிக்கவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

பெண் குழந்தை. மாதம் நிறையாமல் எடுத்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத நெஞ்சு ஏறி இறங்க, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தது. பிழைக்குமா என்றால், இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்கள். தாய்க்குப் பார்வை எப்படியிருக்கும் என்பதும் விழித்தால்தான் தெரியுமாம்.

வார்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மங்களம் மகளின் இமையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழிக்கணுமே என்று ஒரு பக்கம், விழித்து மறுபடி லைட்டைப் போடச் சொல்லிவிடுவாளோ என்று ஒரு பக்கம் பயம்.

லோஷினி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா," என்றாள் மெல்ல. "உன் கையெல்லாம் ஏம்மா ரத்தம்?"