சிமெண்ட் மூட்டைகளுக்கு மேல் ஓர் அறை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, கொசுறாகக் கிடைத்தது. குளியலறைக்கு ஒரு குழாய் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தேன். பேரம் பேசியே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. குழந்தைக்கு முதலில் வருகிற வார்த்தை அம்மாவா "குறைச்சுக்கோங்க"வா என்று சொல்வது கடினம். கடைக்காரரும் லேசுப்பட்டவர் அல்ல. விலையில் இறங்காமல் சோகத்தில் இறங்கிவிட்டார்.

"போங்க சார், நானே நொந்து போயிருக்கேன். மாடி ரூமை ஒரு பொண்ணுக்கு விட்டேன். அதுக்கு நேர் கீழதான் என் குடோன். சிமெண்ட் மூட்டையெல்லாம் நனைஞ்சு கல்லாப் போச்சு."

"ஏன், அந்தப் பொண்ணு என்ன பண்ணா?"

"ஒண்ணுமே பண்ணல. அதான் வயித்தெரிச்சல். வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லல சார்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்னது கடைப்பக்கத்து நியாயம். மாடிப்பக்கத்து நியாயத்தை அவள் வேலை பார்த்த இடத்தில் கேட்டேன். கேட்டும் கிடைக்காததை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். வியாபாரத்தில் இதற்குக் கலப்படம் என்று பெயர். எங்கள் தொழிலில் கற்பனை என்போம்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு" (அடித்துவிட்டேன். தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கிற குழாயிலிருந்து வந்தது.)

இரண்டாவது தொடக்கம்: "பதினெட்டு வயது நிறைந்ததும் அரசுக் காப்பகம் அவளுக்கு ஒரு பையும் போர்வையும் நிறைய வாழ்த்துகளும் கொடுத்து வெளியே அனுப்பியது." இது இருக்கட்டும். வாழ்த்துகளை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று அடுத்த வரி எழுதினேன். கொஞ்சம் மிடுக்காக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் லாண்ட்ரியில் அவளுக்கு வேலை. நீராவியில் முகம் எந்நேரமும் வெந்து சிவந்திருக்கும். யார் எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்பாள். அதனால் அங்கே அவளுக்குச் 'சரிக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"ஏ சரிக்கா, உனக்கு இல்லைங்கிற வார்த்தையே தெரியாதா?"

"தெரியும்க்கா."

"எங்க, சொல்லு பாப்போம்."

"சரிக்கா."

தேய்ப்பு மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி நான் கூட இது ஒரு வேடிக்கைக் கதையாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

3

அறை சின்னது. ஒரு ஜன்னல், ஒரு தொட்டி, அதன் கீழே மறைப்புக்கு ஒரு துணித் திரை. ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. காப்பகத்தில் தாழ்ப்பாள்கள் எல்லாம் வெளிப்பக்கம்தான். குடிவந்த அன்று அவள் தாழ்போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். தனக்குத் தானே வாட்ச்மேன் ஆகிவிட்ட பெருமை.

குழாய் சொட்ட ஆரம்பித்தபோது அவள் செய்தது இதுதான்: பழைய துப்பட்டாவைக் கிழித்துக் குழாயில் சுற்றினாள். கீழே ஒரு வாளி வைத்தாள். வேலைக்குப் போகுமுன் கொட்டினாள். வந்ததும் முதல் காரியமாகக் கொட்டினாள். படியில் கடைக்காரரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள்.

ஏன் சொல்லவில்லை? நீங்கள் கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். அவளோடு அதே காப்பகத்தில் வளர்ந்து, அதே லாண்ட்ரியில் இப்போது மடிப்புப் பிரிவில் இருக்கிற பெண்தான் சொன்னாள்: "அங்க எவ புகார் சொல்றாளோ அவளத்தான் சார் வேற ஹோமுக்கு அனுப்புவாங்க. வேன் வரும். ஃபேன் ஓடலன்னு இவளும் ஒரு தடவ சொன்னா. மறுவாரம் வேற ஊர்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது தாய் இருக்கிற வீட்டுப் பழமொழி.* அழுத பிள்ளைக்கு அங்கே மாற்றல்தான் கிடைக்கும்.

* காப்பகத்தை ஒரேயடியாகத் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கேதான் அவள் எழுதப் படிக்கக் கற்றாள், மூன்று வேளையும் சாப்பிட்டாள். கெடுதல் செய்யாமலே ஒரு பிள்ளையைக் கெடுக்க முடியும்.

4

காப்பகத்தை விட்டு வெளியே போன பிள்ளைகளைப் போய்ப் பார்த்துவர அரசு ஒரு பெண் அலுவலரை வைத்திருக்கிறது. பிள்ளைகள் அவரை விசாரிப்பு அக்கா என்பார்கள். நல்ல மனுஷி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படிடா இருக்கே?"

"நல்லா இருக்கேன்க்கா."

"ஓனர் எப்படி? தொந்தரவு ஏதாவது?"

"தங்கமானவர்க்கா."

"என்னமோ சொட்டுற சத்தம் கேக்குதே?"

"வெளிய யாரோ துணி காயப் போட்டிருக்காங்கக்கா."

"அந்தத் திரைக்குப் பின்னாடி என்ன?"

"பாத்திரம்க்கா."

அக்கா எழுந்தார். திரையை

(இங்கே பேனாவை நிறுத்தினேன். 'விலக்கினார்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், கதை முடிந்தது, அறை பிழைத்தது. ஆனால் அவருடைய போன் அடித்தது. வேறொரு பிள்ளை, ஏற்கெனவே அறையை இழந்துவிட்ட பிள்ளை, அழுதுகொண்டு பேசினான். எரிகிற வீட்டுக்குத்தானே முதலில் ஓட முடியும்? புகைகிற வீட்டைப் பார்க்க யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை.)

"நீ ஒருத்திதான்டா எனக்குத் தலைவலி தராத பிள்ளை" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு அக்கா படியிறங்கினார்.

சரிக்காவுக்கு அன்று முழுக்க உச்சி குளிர்ந்திருந்தது.

5

ஒரு நாள் லாண்ட்ரியில் ஆள் வரவில்லை. மேஸ்திரியம்மா கேட்டாள்: "சரிக்கா, அடுத்த ஷிப்டும் நீயே பாத்துக்கிறியா?"

அவளுக்கு வாளி நினைவுக்கு வந்தது. "வீட்ல" என்று ஆரம்பித்தாள்.

"வீட்ல என்ன? புருஷனா, பிள்ளையா?"

"சரிக்கா" என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது கடைக்காரர் குடோன் வாசலில் நின்றிருந்தார். ஒரு மூட்டையைக் காலால் உதைத்தார், வலித்தது காலுக்குத்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏம்மா, கீழ நான் என்ன விக்கிறேன்னு உனக்குத் தெரியாதா? கடை பூரா குழாயும் வாஷரும்தானே! நகத்தளவு ரப்பர்மா. கேட்டிருந்தா சும்மாவே மாட்டி விட்டிருப்பேனே! வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்படி ஒரு ஆள வீட்ல வச்சுக்க என்னால முடியாது. கிளம்பு."

"சரிங்க" என்றாள். மேலே போய்த் தரையைத் துடைத்தாள், போர்வையை மடித்துப் பையில் வைத்தாள், சாவியை அவர் மேசையில் வைத்தாள். பிறகு தெருவோரமாகப் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் நின்றாள். கடைப்பையன்கள் பார்ப்பதைக் கண்டு கடைக்காரரே வெளியே வந்தார்.

"என்னம்மா நிக்கிற?"

"வேன் எப்ப வரும்ங்க?"

"எந்த வேன்?"

"என்னைய வேற ஹோமுக்கு மாத்துறதுக்கு வர்ற வேன்."

அவருக்குப் புரியவில்லை. "எந்த வேனும் வராது" என்றார். அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

6

நான் விட்டுக்கொடுப்பவன் அல்ல. கதையோடு பேரம் பேசிப் பார்த்தேன்.

ஓர் அத்தையை உள்ளே கொண்டுவந்தேன். கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு கடைக்குள் நுழைகிறாள்: "சின்னப் பிள்ளைகிட்டயாய்யா உன் வீரம்? தொட்டிக்குக் கீழ ஓட்டைக் குழாயை வச்சு வாடகைக்கு விட்டது நீ! நான் பேசவா?" கடைக்காரர் பம்முகிறார். ஆளுக்கொரு சத்தம் போட்டு, ஆளுக்கொரு படி இறங்கி, அறை மிஞ்சுகிறது. உலகத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் தவறுகள் இப்படித்தான் தெருவுக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே கரைந்து போகின்றன.

அத்தையை அடித்துவிட்டேன். அவளுக்கு அத்தை இல்லை. எழுதினால் கிடைத்துவிடுகிற அத்தை, எழுதி முடித்ததும் போய்விடுகிறாள்.

கடைக்காரரிடமே திரும்பிப் போய்க் கேட்டேன். தராசுத் தட்டைத் துடைத்தபடி சொன்னார்: "கோவத்துல சொன்னதுதான் சார். கெஞ்சுவா, ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுரலாம்னுதான் இருந்தேன். அவ பாட்டுக்குச் சரின்னுட்டா. சாயங்காலம் மனசு கேக்காம தேடினேன். ஆளக் காணோம்."

வியாபாரி வாயிலிருந்து வருகிற "கிளம்பு", சொல்லுகிற விலைதான். கொடுக்கிற விலை வேறு. அது வீட்டுக்குள் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். அவள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டாள்.

7

முடிவு.

விசாரிப்பு அக்காவின் எண் அவளிடம் இருந்தது. அழைத்தாள் என்று எழுதினேன், அடித்தேன். தலைவலி தராத பிள்ளை என்ற ஒரே பட்டத்தையும் அவள் எப்படித் துறப்பாள்? காப்பகத்து வாசலுக்குப் போனாள் என்று எழுதினேன்; அதை அடிக்க முடியவில்லை, ஏனென்றால் போனாள். "உன் கட்டில்ல வேற பிள்ளை வந்தாச்சே கண்ணு" என்றாள் காவல்காரி.

இப்போது அவள் பஸ் நிலையத்தில், நீளமான ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வெளிச்சம் மங்குகிறது. அவளுக்கு இடதுபக்கம், நான் எழுதாமலே ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்துவிட்டாள். நல்ல புடவை, பக்குவமான பேச்சு. "யாரும் இல்லையாடா? அக்கா கூட வர்றியா? தங்க இடமிருக்கு, வேலையிருக்கு." இப்படிப்பட்டவர்கள் மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள், இவர்களை எந்த அலுவலகமும் அனுப்ப வேண்டியதில்லை. அவள் என்ன பதில் சொல்வாள் என்று உங்களுக்கே தெரியும். நான் எழுத மாட்டேன்.

வலதுபக்கம் இடம் காலியாக இருக்கிறது. யாரையாவது உட்கார வைக்கலாம் என்று எத்தனையோ பேரை எழுதிப் பார்த்தேன். காகிதம் தாங்கியது, பெஞ்சு தாங்கவில்லை. அதனால் அந்த இடத்தை உங்களுக்கென்று விட்டுவைத்திருக்கிறேன்.

நீங்கள் அவளைப் பார்த்துவிட்டீர்கள். வாய்வரை ஒரு கேள்வி வந்தும் விட்டது. அதற்குள் டிரைவர் ஹாரன் அடிக்கிறான். கண்டக்டர் பெயர்ப்பலகையைத் தட்டிக் கத்துகிறான். உங்கள் பஸ்தான்.