அருள்மேரி டீச்சர் அளந்த மேடு

குடவாசலுக்குக் கிழக்கே கீழப்படுகை என்ற ஊரின் லுத்தரன் பள்ளியில் அருள்மேரி மூன்றாம் வகுப்பு ஆசிரியை. 1972 தை மாதம் ஒருநாள், மலை என்றால் என்ன என்று வகுப்பில் விளக்கப் போனவள், வைக்கோல்போரைவிடப் பெரியது என்பதற்கு மேல் சொல்லத் தெரியாமல் திணறிப் போனாள். இருபத்தேழு வயதாகியும் அவள் மலையைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். அந்த வெட்கத்தில், கோடை விடுமுறையில் தனியாகச் சைக்கிளிலேயே ஏற்காடு ஏறிவிடுவதென்று முடிவு செய்தாள்.

பயிற்சிப் பள்ளியில் உடன் படித்த சேலத்துத் தோழிக்குக் கடிதம் போட்டாள். பதில் வந்தது: 'இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற்றம் மூவாயிரத்து அறுநூறு அடி இருக்கும். பஸ்ஸுக்கே மூச்சு வாங்கும். உனக்கு என்ன கேடு?'

பழகிக்கொள்ள மேடு வேண்டுமே! கீழப்படுகையில் வாய்க்கால் தண்ணீரே எந்தப் பக்கம் போவதென்று யோசித்துத்தான் போகும். ஊரில் இருந்த ஒரே ஏற்றம், ஆற்றுப் படுகையிலிருந்து கரைக்கு ஏறும் வண்டிப்பாதை. கயிறும் பள்ளிக்கூடத்து அளவுகோலும் கொண்டு அளந்தாள். பன்னிரண்டு அடி. முந்நூறு தடவை ஏறினால் ஏற்காடு!

கேரியரில் அரை மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, மிதித்தாள். முதல் நாள் ஒன்பதாவது ஏற்றத்தில் சைக்கிளோடு சாய்ந்து, குடித்த கஞ்சியைக் கக்கினாள். மறுநாள் பதினான்கு. ஒவ்வொரு ஏற்றத்தையும் நேரத்தோடு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இதை மிராசுதார் ரெத்தினத்தின் காரியஸ்தர் குஞ்சிதபாதம் பார்த்துவிட்டார்.

ஒருவருக்கு இத்தனை ஏக்கர்தான் என்று நில உச்சவரம்புச் சட்டம் வந்து மிராசுதார்கள் தூக்கம் கெட்டிருந்த காலம் அது. ரெத்தினத்தின் நிலம் மச்சான் பேரிலும், சமையல்காரர் பேரிலும், செத்துப்போன இரண்டு பேர் பேரிலும் பிரிந்து கிடந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று இன்னொரு சட்டமும் வந்திருந்தது. ஆற்றங்கரையில் அவர் நிலத்தில் கூலிக்காரர்களின் குடிசைகள் பதினொன்று இருந்தன. எல்லாம் மாட்டுக்கொட்டகை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"டீச்சரம்மா, என்னங்க அளக்குறீங்க?" என்று கேட்டார் குஞ்சிதபாதம்.

"மலை ஏறப் போறேங்க. அதுக்குப் பழகுறேன்."

அவர் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை சமதரையாய் வயல்.

"எந்த மலைங்க?"

"ஏற்காடு."

"சரிங்க, சரிங்க. சொல்லக்கூடாத விஷயம்னா விட்டுடுங்க" என்று வேகமாக நடந்தார்.

அன்று மாலை, கரைக் குடிசைகளில் ஒன்றில் இருந்த தங்கம்மாள் வந்து நின்றாள். "டீச்சர், அளக்குறதுதான் அளக்குறீங்க, நம்ம வீட்டையும் ஒரு வரி எழுதிக்குங்க. இருபத்திரண்டு வருசமா இருக்கோம். ஒருத்தர்கூட மாடு இல்லை."

"அக்கா, நான் சைக்கிள் ஓட்டப் பழகுறேன்!"

"அதான் நல்லா ஓட்டுறீங்களே!"

விளக்கி அலுத்து, கடைசியில் தங்கம்மாள் பேரை எழுதினாள். இருட்டுவதற்குள் மற்ற பத்து வீட்டுக்காரர்களும் வந்து தங்கள் பேரை எழுதவைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் வாரம் மிராசுதார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு, காப்பியும் வந்தது.

"எவ்வளவும்மா ஆயிருக்கு?" என்றார்.

"நூத்தி எழுபதுங்க. முந்நூறு ஆனதும் நிறுத்திடுவேன்."

"முந்நூறா!" ரெத்தினம் எழுந்துவிட்டார். "எனக்கு மொத்தமே இருநூத்தி எண்பது ஏக்கர்தானேம்மா!"

குஞ்சிதபாதம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தாலுக்கா ஆபீசுக்கு எழுதிட்டியா?"

"இல்லீங்க. சேலத்துக்குத்தான் எழுதினேன். பதிலும் வந்துடுச்சு."

"சேலத்துக்கா?" அவர் குரல் இறங்கிவிட்டது. தஞ்சாவூர் ஜில்லா என்றால் யாரையாவது பிடித்திருக்கலாம். சேலத்தில் அவருக்கு யாரையும் தெரியாது. "இந்தா பாரும்மா. கரையிலே இருக்கற பதினொரு மனையையும் அவங்க பேருக்கே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுடறேன். நீ அளக்குறதை நிறுத்திடு."

அவர் நிலத்தைத்தான் அவள் அளப்பதாக இவர்கள் நினைத்திருப்பது அருள்மேரிக்கு அப்போதுதான் விளங்கியது. உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். காரியஸ்தரிடமும் தங்கம்மாளிடமும் அதைத்தானே சொன்னோம், யார் நம்பினார்கள் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"முதல்ல கையெழுத்துப் போடுங்கய்யா. அப்புறம் நிறுத்தறேன்."

மறுவாரம் குடவாசலில் அவர் கையெழுத்துப் போட்டார். அவளும் சொன்னபடி அந்த மேட்டில் ஏறுவதை நிறுத்தினாள். மீதி நூற்று முப்பதையும் குடமுருட்டிப் பாலத்து ஏற்றத்தில் முடித்தாள்.

மே மாதம் கிளம்பி, வழியில் தெரிந்தவர் வீடுகளில் தங்கி, ஐந்தாம் நாள் அடிவாரம் சேர்ந்தாள். மலையை நிமிர்ந்து பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று இருந்தது. ஆறாவது வளைவில் அழுதாள். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இறங்கித் தள்ளினாள். மதியம் மூன்று மணிக்கு உச்சியை அடைந்து, ஏரிக்கரையில் கால் நீட்டிப் படுத்து, தனக்குத் தானே சிரித்தாள். சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து காத்திருந்த தோழி ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

மறுநாள்தான் ஒரு விஷயம் உறைத்தது. நான்கு மாதத் திட்டத்தில் இறங்குவதைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டு அடி மேட்டில் இறங்க பிரேக் எதற்கு? இறங்கத் தொடங்கிய முதல் வளைவிலேயே பிரேக் கட்டை தேய்ந்து புகைந்தது.

காப்பிக்கொட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று அவளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் அவள் அலறிய அலறலில் டிரைவர் பயந்து வண்டியை ஓரம் கட்டினார்.

"என்னம்மா, இறங்கிக்கிறியா?"

"நிறுத்தாதீங்கண்ணே, ஓட்டுங்க" என்றாள் அருள்மேரி, மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி. "நல்லாத்தான் இருக்கு."