மூன்று முறை தப்பான பாஸ்வேர்டு

பாஸ்வேர்டு தவறு என்று நான்காவது முறையாகத் திரை சொன்னபோது மணி மூன்று இருபத்தைந்து. காலையில் இதே பாஸ்வேர்டில் பதினோரு மெயில் சிட்டாய்ப் பறந்திருந்தது. நான்கு மணிக்குள் போய்ச் சேரவேண்டிய டெண்டர் மட்டும் சண்டித்தனம் செய்தது. டைப்பிஸ்டின் நாற்காலியைப் பிடித்தபடி பின்னால் டைரக்டர். ஆறு பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் அவர் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம் அது.

"இது போகலேன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம்மா."

அவள் வீட்டுக்காரருக்கு வேலை போய் மூன்று மாதம். அவள் இன்டர்நெட் கம்பெனிக்காரனைப் போனில் பிடித்தாள்.

"மேடம், உங்க ஆபீஸ் வைஃபைலேருந்து ஏதோ ஒரு செல்போன் மெயிலுக்குப் பழைய பாஸ்வேர்டையே போட்டுட்டிருக்கு," என்றான் அவன். "மூணு தடவ தப்பா வந்தா உங்க ஆபீஸ் லைனுக்கே மெயில அஞ்சு நிமிஷம் பூட்டிருவோம். அப்ப நீங்க சரியா போட்டாலும் தப்புன்னுதான் சொல்லும்."

"எப்பலேருந்து சார்?"

"ரெண்டரைலேருந்து."

இரண்டரைக்குத்தான் டைரக்டர் அலுவலகத்துக்கே வந்தார். எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும், தவறினால் ஒழுங்கு நடவடிக்கை என்று நேற்று சுற்றறிக்கை விட்டவரும் அவரே.

"சார், உங்க போன்லயும் மாத்திட்டீங்கல்ல?"

"எங்கிட்டயேவா? இந்த ஆபீஸுக்குக் கம்ப்யூட்டரக் காட்டினவனே நான்தாம்மா!"

அவள் இன்டர்நெட் கம்பெனியின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாள்.

"இல்ல சார். அவங்க மேனேஜர் உங்க லெவல்ல ஒருத்தர்கிட்டதான் பேசுவாராம். இங்க சிக்னல் விட்டு விட்டு வருது. கீழ கார்கிட்ட நின்னீங்கன்னா..."

"அப்படிச் சொல்லு!" காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆபீஸ் வைஃபை எட்டாத கார்ப் பக்கம் இறங்கினார்.

பூட்டு திறக்க ஐந்து நிமிடம். அவள் மூச்சைக்கூட எண்ணித்தான் விட்டாள். டெண்டர் கனம் என்பதால் மூன்று மெயிலாகப் பிரித்திருந்தாள். முதலாவது போயிற்று. இரண்டாவதும்.

ஜன்னலுக்கு வெளியே டைரக்டர் காதில் போனும் காற்றில் விரலுமாக யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையில் காத்திருக்கச் சொல்லும் சங்கீதம் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது மெயிலில் அவள் கோப்பை இணைக்கும்போது அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். வெற்றி பெற்றவர்போல நிமிர்ந்து, இரண்டிரண்டு படியாக ஏறத் தொடங்கினார்.