அரியாலைக் கிணறும் நோர்வேக் குழாயும்

1986 ஐப்பசி தொடக்கம் அரியாலையில் அருமைநாயகியின் கிணற்றுத் தண்ணீர் நோர்வேயில் ஒரு வீட்டுக் குசினிக் குழாயில் வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் அவளுடைய அண்ணன் சிமியோன் இருந்தார். நோர்வேயின் வட கரையில் மீன் ஆலைகளில் வேலை செய்த தமிழர்கள் சிறு சபையாகக் கூடி அவரைப் போதகராக அழைத்திருந்தார்கள். மனைவி அற்புதராணியோடும் இரண்டு பிள்ளைகளோடும் அவர் அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள், யாரும் வாளி போடாமலே அரியாலைக் கிணற்றில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. அடுத்த நாளும் அதே நேரம் இறங்கியது. விடுமுறைக்கு ஊர் வந்த சபைக்காரி ஒருத்திதான் காரணம் சொன்னாள். போதகர் வீட்டில் தேத்தண்ணி ஊர்த் தேத்தண்ணி மாதிரியே இருக்கும். அந்தப் பட்டினத்தில் அவர்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் மட்டுந்தான் வெள்ளைச் சுண்ணாம்பு படியும்.

அதன்பின் அருமைநாயகி அண்ணன் குடும்பத்தின் பாட்டைக் கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றே அறிந்துகொண்டாள். இங்கே மத்தியானம் நெருங்கும்போது அங்கே விடியும். தண்ணீர் கொஞ்சமாய் இறங்கினால் தேத்தண்ணி, நீளமாய் இறங்கினால் பிள்ளைகளின் குளிப்பு. சனிக்கிழமை உடுப்புத் தோய்த்தல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக்காரர் குடித்த கோப்பைகளை அற்புதராணி கழுவி முடிக்கும்வரை தண்ணீர் விட்டுவிட்டு இறங்கும். ஒருமுறை நேரங்கெட்ட நேரத்தில் சொட்டுச் சொட்டாய் இறங்கியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விளங்கிக்கொண்டு உபவாசமிருந்தாள். காய்ச்சல்தான்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றின் சங்கதி இதுதான்: சுண்ணாம்புக் கல்லுக்குள் அடியில் கடல்நீர் நிற்கிறது, அதன் மேல் மழைநீர் மிதக்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, அதனால் மேலே. அளவோடு அள்ளினால் இரண்டும் அதனதன் இடத்தில் நிற்கும். ஒரேயடியாய் இறைத்தால் மேலிருந்த பாரம் விட்டுப்போய் உவர் மேலேறிவிடும். பிறகு அதைக் கீழே இறக்க மாரிகள் பல வேண்டும். அவள் வீடிருந்த ஒழுங்கையில் உவரேறாத கிணறு அருமைநாயகியுடையது ஒன்றே. தொண்ணூறுக்குப் பிறகு தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் அதில்தான் அள்ளினார்கள். அது கெட்டால் ஒழுங்கை முழுவதும் குடத்தோடு அலைய வேண்டும்.

1992 ஆவணியில், இங்கே கிணறு மிகவும் வற்றியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிமியோன் அங்கே முழுக்கு ஞானஸ்நானம் வைத்தார். கடல் குளிர் என்று மீன் ஆலைத் தொட்டியொன்றை வீட்டுக்குள் இறக்கி, குசினிக் குழாயில் ஹோஸ் மாட்டி விளிம்புவரை நிரப்பினார். அரியாலைக் கிணற்றில் அடிக்கல் தெரிந்தது. மறுநாள் ஊறிய தண்ணீரில் சோறு உவர்த்தது.

அடுத்த வீட்டுத் தில்லைநாதன் வெறுங்குடத்தோடு வந்து நின்றார். "பிள்ளை, கொண்ணர் அங்கை ஆக்களை முக்கி எடுக்க எங்கடை உலைப்பானையிலையோ கை வைச்சவர்?"

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அங்கே குழாய் திறக்கும் நேரம் பார்த்துக் கிணற்றுக்குள் குனிந்தாள். "அண்ணை, கிணறு உவராப் போச்சுது. குழாயைப் பூட்டுங்கோ."

நோர்வேக் குசினியில் குழாய் இதைச் சொன்னபோது, உப்புக் கரித்த தேத்தண்ணியை வைத்துக்கொண்டு நால்வரும் காரணம் தெரியாமல் இருந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து அற்புதராணியின் குரல் வந்தது.

"மச்சாள், இஞ்சை வந்தபிறகு தண்ணிக்கு அடி இருக்கெண்டதை மறந்திட்டம்."

அன்றிலிருந்து போதகர் வீட்டார் அங்கே அக்கம்பக்கத்தில் வாளியில் தண்ணீர் கேட்டு வாங்கினார்கள். பனி விழத் தொடங்கியதும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து முற்றத்துப் பனியை வாரினார்கள். அற்புதராணி அதைப் பானைகளில் உருக்கினாள். சிமியோன் ஹோஸை உயரப் பிடித்து, புனல் வைத்து, குழாய்க்குள்ளேயே திருப்பி ஊற்றினார். ஞாயிறுகளில் சபைக்காரர் வேதாகமத்தோடு ஆளுக்கொரு வாளி பனியும் கொண்டுவந்தார்கள். பனித்தண்ணீரில் உப்பே கிடையாது. அது உவருக்கு மேல் படிந்து, படியப் படிய உவரைக் கீழே அமுக்கியது. தைப் பிறப்பன்று அருமைநாயகி ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டுத் தில்லைநாதனைக் கூப்பிட்டாள்.

அவர் குடித்துவிட்டுக் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். "உவர் போயிட்டுது, பிள்ளை. ஆனால் பல்லுக் கூசுது. பேரனைத் தோயவாக்க வேணும், தண்ணி காய்ச்ச மண்ணெண்ணெயுமில்லை விறகுமில்லை. கொஞ்சம் சுடவைச்சு விடச் சொல்லுமன்."

அவள் குனிந்து சொன்னாள். மறுநாள் மத்தியானம் கிணற்றிலிருந்து ஆவி எழுந்தது. ஒழுங்கையிலிருந்த கைக்குழந்தைகளை எல்லாம் குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தில்லைநாதனின் மனைவி செல்வநாயகி அள்ளிய தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்து, சூடு கொஞ்சம் கூடிப்போச்சு என்றாள். பிறகு வாளியை ஆழ விட்டு, அடியில் கிடந்த குளிர்ந்த தண்ணீரை எடுத்து விளாவினாள்.